தவசியின் ரத்தம்

அம்மன் சன்னிதியில் கற்பூரத்தை அணைத்தே சொல்வேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பிரசவத்தில் இனி ஒருத்தியும் சாகக்கூடாதென்று எங்கள் ஊர் மகளிர் குழு, வீட்டுக்கு வீடு கதவில் ரத்த வகையைப் பெயிண்டால் எழுதிவைத்திருந்தது. உலகம்மாளுக்குப் பிள்ளை பிறந்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உடனே ஓ நெகட்டிவ் ஆள் வேண்டுமென்றார்கள். அது ஊரில் ஒரே கதவில்தான் இருந்தது. அந்த வீட்டுத் தவசி செத்து மூன்று வருஷம்.

“செத்தவன் கதவுல எழுத்த அழிக்காம விட்டது யாரு?” என்று குழுத்தலைவி முப்பிடாதியிடம் கேட்டேன்.

“அத அப்புறம் பேசுவோம். கதவத் தட்டுங்க அண்ணாச்சி.”

தட்டினேன். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் இருமல் கேட்டது. தவசி சட்டைக் கையை மடித்துக்கொண்டே வெளியே வந்தார். “எந்தக் கை வேணும்?”

“எதுன்னாலும் சரி. சீக்கிரம் வாரும்.”

வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஊசி குத்திய நர்ஸ், “என்னங்கய்யா, கை இப்படிக் குளிருது?” என்றாள்.

“மூணு வருசமா வெயிலு படலம்மா.”

சாயங்காலம் உலகம்மாள் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள். தவசியிடம் சொல்லலாமென்று திரும்பினேன். அவர் படுத்திருந்த கட்டிலில் ஒரு கைப்பிடி ஈரமண் மட்டும் கிடந்தது.

செத்தவர் கையெழுத்துச் செல்லாதே; ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ரத்தம் கொடுத்தவர் என்ற இடத்தில் இருப்பது, அவருக்குப் பதிலாக நான் போட்ட என் கையெழுத்து.