மதில்மேல் ஒரு பிடி சோறு

செண்பகவல்லி வீட்டு மதிலுக்குத் தினமும் மத்தியானம் ஒரு காகம் சோறு தின்ன வரும். அந்த மதிலிலேயே திரியும் அணிலுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏரிக்கரை முழுக்க வேப்பம்பழம் பழுத்துக் கிடக்கிறது. உன் கூட்டமே அங்கே போய்விட்டது. நீ மட்டும் ஒரு பிடி சோற்றுக்காக இவள் வாசலுக்கு வருகிறாயே. மனிதர் கைச்சோறு பழகினால் இறக்கை மழுங்கிவிடும்" என்றது அணில்.

"நானும் ஏரிக்கரையிலிருந்துதான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காகம் பறந்தது.

மறுநாள் பெருமழை. மழை விட்டதும் செண்பகவல்லி மதிலில் சோற்றை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டாள். வெகுநேரமாகியும் காகம் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். பசி தாங்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அணிலுக்கே பாவமாக இருந்தது. ஓடிப்போய் இரண்டு பருக்கையைக் கொறித்துக் காட்டியது.

"நீ தின்றால் போதாதுடா கண்ணு. காக்கா வாய் வைக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவேன்?" என்றாள் அவள்.

அப்போது நனைந்த இறக்கையோடு காகம் வந்து இறங்கியது. ஒரே ஒரு பருக்கையை விழுங்கியது. செண்பகவல்லி முகம் மலர்ந்து உள்ளே போனாள். தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு பருக்கைக்கா இவ்வளவு தூரம் வந்தாய்? உனக்குப் பசியே இல்லையா?" என்றது அணில்.

"வயிறு முட்டப் பழம் தின்றிருக்கிறேன்" என்று இறகை உதறியது காகம். "ஆனால் நான் வராவிட்டால் அவளுக்கு யார் சோறு போடுவது?"