கூரையில் இருந்த ஹாரன்

தேவசகாயம் பதினெட்டு நாள் மெனக்கெட்டு, பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் ஒரு டீசல் ரயில் எஞ்சினைக் கட்டி முடித்தார். படிக்கட்டு, கைப்பிடி, டிரைவர் ஜன்னல் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மேசையில் ஒரே ஒரு சாம்பல் நிறத் துண்டு மிஞ்சிக் கிடந்தது.

எஞ்சின் கூரையிலிருந்த ஹாரன் குனிந்து பார்த்தது. “பாவம், உனக்கு எங்கேயும் இடம் கிடைக்கலையா?”

“நான் உபரிங்க. ஒண்ணு தொலைஞ்சா உதவட்டும்னு கூடுதலா அனுப்பினது. பெட்டியிலயே எழுதியிருக்கு.”

“இடம் கிடைக்காதவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்குவாங்க” என்றது ஹாரன்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கிற வழக்கம் தேவசகாயத்துக்குக் கிடையாது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எங்கேயோ விட்டுட்டேன்” என்று முணுமுணுத்தபடி, முழுசையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த முறை அவசரத்தில் கட்டினார். மேசையில் இரண்டு துண்டுகள் மிஞ்சின. சாம்பல் துண்டு கொஞ்சம் நகர்ந்து, ஹாரனுக்கு இடம் விட்டது.

மேலேயிருந்து டிரைவர் ஜன்னல் எட்டிப் பார்த்தது. “என்ன ஹாரன், உனக்கு இடம் கிடைக்கலையா?”

ஹாரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

“நான் உபரி. பெட்டியிலயே எழுதியிருக்கு.”