வெறும் காற்று

ஏலத்தோட்ட முதலாளி சுருளிவேலின் அப்பா நிமோனியாவில் கிடந்தார். அவருக்காக மதுரையிலிருந்து பிராணவாயு உருளை போடிக்கு வந்தது. அதை மலையேற்ற இன்னோர் ஆள் கேட்டான் சுமைக்காரன் மொக்கச்சாமி. சுருளிவேலுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“உள்ள இருக்கது வெறும் காத்துடா. காத்தைத் தூக்க ரெண்டு ஆளா? தின்னிப் பயலே, வெரசா வந்து சேரு!” என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

சாயங்காலம் உருளை தோட்டத்து பங்களாவுக்கு வந்தது. அங்கே காத்திருந்த டாக்டர், கிழவரின் விரல்களைப் பார்த்தார்.

“நகமெல்லாம் நீலம் பாஞ்சிருச்சு. சிவக்கிற வரைக்கும் காத்துக் குடுக்கணும்.”

குழாயை மூக்கில் வைத்துத் திருகைத் திறந்தார். உருளை மூச்சே விடவில்லை.

“டேய், காத்து எங்கடா?” என்று அலறினார் சுருளிவேல்.

மொக்கச்சாமி தோளைத் தடவிக்கொண்டான்.

“வெறும் காத்துன்னு நீங்கதானே சொன்னீக மொதலாளி? கனம் கொறையட்டும்னு பாதி மலையில தெறந்துவிட்டுட்டேன். இங்கன இல்லாத காத்தா?”