வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பரிசு

விடிந்தால் கிறிஸ்துமஸ். மகனுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் காக்கை காலையிலிருந்து அல்லாடிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் ஒரு புழு கொடுத்தாலே துள்ளுவான். இப்போது சர்ச்சில் வைத்த குடிலிலிருந்து நல்ல வைக்கோலாக உருவிக்கொண்டு வந்து, "கூடு கட்டிக்கோடா" என்றால், "எனக்கெதுக்குக் கூடு?" என்று பறந்துவிட்டான்.

"ஏன்க்கா, ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டது பக்கத்துக் கிளை அணில்.

"தோளுக்கு மேல வளர்ந்துட்டான். குரலே மாறிப்போச்சு. அவனுக்கு என்ன பிடிக்கும்னே தெரியலடி."

அணிலுக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கே தெரியும்க்கா. அவன் உங்க பிள்ளையே இல்ல, குயில்."

காக்கை கிளையில் அங்கும் இங்குமாக நடந்தது.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு அலைஞ்சிருப்பேனா? சரி, குயிலுக்கு என்ன பிடிக்கும்? அதைச் சொல்லு."