ஈர வட்டம்

படத்தின் மரச்சட்டத்தைப் பிரித்துப்போட்டு, தாளை மட்டும் மேசைமேல் விரித்தார் அதிகாரி.

வீட்டுக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நீர்வண்ணத் தாளை அப்படிக் கசக்கிப் பிடிக்கக் கூடாது. யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நீல ஆறு. கரையில் ஓர் ஓடம். கையொப்பம் இல்லை.

வாசலில் இரண்டு காவலர்களுக்கு நடுவே அவள் நின்றாள். அமிர்தவல்லி. இதை வரைந்தவள். அவள் படங்களை வைத்திருப்பதே குற்றம் என்று தலைவர் அறிவித்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் சிறைக்குப் போயும் எட்டு வருஷம்.

தன் படம் ஒன்றுகூட வெளியில் மிச்சமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விடுதலை.

ஒன்று அகப்பட்டாலும் இன்னும் எட்டு வருஷம். அவனுக்கும் அதே.

"இது நீ போட்டதா?"

அவள் குனிந்து பார்த்தாள். அவசரப்படவில்லை.

"என் கை இல்லீங்க. யாரோ கத்துக்குட்டி போட்டது. தண்ணி எப்படி ஓடும்னே தெரியல."

அவனுக்குச் சுருக்கென்றது.

கத்துக்குட்டியா? மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, இந்தப் படத்தையும் எடுத்துப் போய்விட்டாளோ என்றுதான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தான். படம் சேர்த்த இருபது வருஷத்தில் ஒரு போலிகூட அவன் வீட்டுப் படியேறியதில்லை.

அசல் என்று கத்திவிடத் தோன்றியது. வெட்கக்கேடுதான். ஆனாலும் தோன்றியது.

"நல்லா ஏமாந்துட்டீங்க சார்" என்று சிரித்தார் அதிகாரி.

"ஆமாங்க."

அப்பாடா என்றிருந்தது. அதிகாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கிளம்புமுன் ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். அவனே போட்டுக் கொண்டுவந்தான்.

நின்றபடியே இரண்டு வாய் குடித்தார். பிறகு கிளாஸைத் தாளின்மேல் வைத்தார்.

ஆற்றின் நடுவில்.

கிளாஸின் அடியில் ஈரம் இருந்தது.

எடுத்த பிறகுதான், தான் எடுத்துவிட்டது அவனுக்கே தெரிந்தது. கிளாஸ் அவன் கையில் இருந்தது.

அதிகாரி அந்தக் கையையே பார்த்தார்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க சார்" என்றாள் அமிர்தவல்லி. "நல்ல டீ குடிச்சு எட்டு வருஷமாச்சு."

அவனுக்கு அழுகை வந்தது. முன்பின் பேசியிராதவள், அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

"அவங்களுக்கு வேற கிளாஸ்ல குடுங்க" என்றார் அதிகாரி. "அது என்னோடது. தாள் மேலயே வெச்சிட்டுப் போங்க."

தாளில் ஈர வட்டம் பதிந்திருந்தது. அதற்குள் நீலம் கலங்க ஆரம்பித்திருந்தது.

கை நடுங்கக் கூடாது.

நடுங்கவில்லை. குனிந்து, மெதுவாக வைத்தான். மிச்ச ஆறு பிழைத்தது. மூச்சு விட்டான்.

அமிர்தவல்லி கண்களை மூடிக்கொண்டாள்.

அதிகாரி தாளின்மேல் குனிந்தார்.

எவ்வளவு பெரிய தாள். எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கிளாஸ் பழைய வட்டத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.