ஜீப் கிளம்பட்டும்

"அத்தை, இப்ப சாவியைத் திருப்புங்க!"

பானெட்டுக்குள் தலையை விட்டபடி கத்தினார் பல் டாக்டர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவருடைய மாமியார் சாவியைத் திருப்பினார். ஜீப் கர்ர் கர்ர் என்று இருமியது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. அப்புறம் கப்சிப்.

"நல்லாத்தான் ஆரம்பிக்குது மாப்பிள்ளை. கடைசியில மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குதே!"

"விட மாட்டேன் அத்தை. நீங்க ஊருக்குப் போறீங்க. அதுவும் இந்த ஜீப்லதான் போறீங்க!"

சமையலறை ஜன்னல் வழியே இதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரின் மனைவிக்குச் சுருக்கென்றது.

மாடிப்படியில் சறுக்கி அவள் காலை உடைத்துக்கொண்டபோது பார்த்துக்கொள்ள வந்தவர்தான் அம்மா. கால் கூடி, மகள் பழையபடி ஓடியாட ஆரம்பித்த பிறகும் அம்மா திரும்பிப் போகவில்லை. காரணம், வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் கிடந்த அந்த ஜீப்.

பழைய இரும்புக் கடையிலிருந்து டாக்டர் அதைக் கொண்டுவந்தபோது தரைத் தகடு முழுக்கத் துருப்பிடித்து ஓட்டை. உள்ளே உட்கார்ந்தால் கால் மண்ணில் படும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து விசை கொடுக்கும் சின்ன கியரின் கம்பியில் ஒரு கொடி சுற்றிப் பூவே விட்டிருந்தது. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் போய் நின்று பெருமூச்சு விடுவார். வேறு வேலை எதுவும் நடக்காது.

ஒரு நாள் பொழுது போகாமல் அம்மா கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். அவ்வளவுதான், மாமியாரும் மாப்பிள்ளையும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் எஞ்சினின் பின்பக்கத்தைப் பார்ப்பார் டாக்டர். "சொத்தையை முழுசா எடுக்காம அடைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? இன்னும் சுரண்டுங்க" என்று விரட்டுவார் அம்மா. கூரைக்கு அவரே கான்வாஸ் தைத்தார். டாக்டர் பச்சை பெயின்ட் என்றார், அம்மா மஞ்சள் என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் நாள் ஜீப் மஞ்சளாக நின்றது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னும் ஊருக்குப் போகலையா?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போகாம என்ன? வண்டி ஓடற அன்னிக்கே கிளம்பிடுவேன்!"

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக் கூடத்தில் வைத்தார். அன்றிலிருந்து டாக்டருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. புது பேட்டரி, புது பிளக், காலையும் மாலையும் "அத்தை, சாவியைத் திருப்புங்க!"

மனைவி அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "இங்கேயே இருந்துடேம்மா. அங்க போய்த் தனியா என்ன பண்ணப் போறே?"

"சொன்னா சொன்னதுதான். மாப்பிள்ளை எவ்வளவு பாடுபடறார், பார்த்தியா? அவருக்கும் வீட்டுல கை காலை நீட்டி இருக்கணும்னு தோணாதா?"

கணவனிடம் சண்டையே போட்டாள். "எங்கம்மாவை அனுப்பறதுல அப்படி என்னங்க அவசரம்? எப்ப ஓடும் எப்ப ஓடும்னு பறக்கறீங்க!"

"அவங்களே போறேன்னு சொல்றப்ப நான் குறுக்க நிக்கலாமா?" என்று சொல்லிவிட்டு அவர் விசிலடித்துக்கொண்டே ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு தாடி வந்தான். வாரம் தவறாமல் வந்து எஞ்சினைப் பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக். தாடிதான் அவன் பெயர், அடையாளம் எல்லாம். அவன் கொஞ்ச நேரம் குடைந்த பிறகு, டாக்டரும் அம்மாவும் கை கழுவ உள்ளே போனார்கள். மனைவி டீ கொண்டுபோகிற சாக்கில் ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

"தாடி, மறைக்காம சொல்லு. இது எப்பத்தான் ஓடும்?"

"எஞ்சின் தங்கமா இருக்குக்கா. நான் மனசு வெச்சா இப்பவே ஓடும்."

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மனசு வெக்காதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். யாருக்கும் தெரியாம உள்ள எதையாவது கழட்டிடு. எங்கம்மா போயிட்டா இந்த வீடு வெறிச்சுனு ஆயிடும். அது அவருக்குப் புரியலை. அம்மாவும் பிடிச்ச பிடியில நிக்கறாங்க."

தாடி டீ டம்ளரைக் கீழே வைத்தான். தாடியை நீவினான். அப்புறம் பழைய டயர் மேல் சரிந்து உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"நான் அழற நிலைமையில இருக்கேன், உனக்குச் சிரிப்பா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. எஞ்சினுக்குக் கரண்ட் போற ஒயரை சார் சொல்லி போன மாசமே கழட்டியாச்சு. 'நான் அவசரப்படற மாதிரி கத்திக்கிட்டே இருப்பேன், நீ கண்டுக்காதே'ன்னாரு."

அவள் வாயைப் பிளந்தாள். "அவரா?"

"இன்னும் இருக்கு. 'வாய் தவறிப் போறேன்னு சொல்லிட்டேன், மாப்பிள்ளைக்குத் தெரியாம ஏதாவது பண்ணு'ன்னு உங்கம்மா கேட்டாங்க. அவங்களுக்காக பெட்ரோல் குழாயை அடைச்சு வெச்சிருக்கேன்" என்ற தாடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனி உங்களுக்காக எதையாவது கழட்டணும்னா, சக்கரம்தான்க்கா பாக்கி!"