சாரைப்பாம்பு நடத்திய வகுப்பு

நடன வகுப்பில் நாரை டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழியைத் தட்டி, "வலது காலைத் தூக்கு!" என்றது. மானும் முயலும் தூக்கின. சாரைப்பாம்பு மட்டும் தலையைத் தூக்கியது, தாளம் தப்பாமல்.

டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த ஆமையிடம் நாரை முணுமுணுத்தது. "இதுக்கெல்லாம் ஆட்டம் வராது. நாளைலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லலாமே. அதுக்கு முன்னாடி ஒரு பாடம் அது நடத்தட்டும். நீங்க போய்ப் பின்வரிசையில நில்லுங்க."

பாம்பு தட்டுக்கழியை வாலால் சுற்றிப் பிடித்தது. "எல்லாரும் வயித்தால வளைஞ்சு வளைஞ்சு வாங்க!"

நாரை குப்புற விழுந்தது. நெட்டைக் கால்கள் இரண்டும் பின்னிக்கொண்டன. "எனக்கு இது வரலையே," என்றது.

பாம்பு ஆவலாகப் பக்கத்தில் ஊர்ந்து வந்தது.

"அப்ப உங்களுக்கு எப்படி வரும், டீச்சர்? செஞ்சு காட்டுங்களேன், பார்க்கிறேன்."